மகள் கம்பஸுக்குப் போகிறாள்: எதை வாங்காமல் விடலாம்?

சென்ற இதழில் சீட்டுப் பிடிப்பது பற்றி நான் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, எங்கள் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் என்னை வழியில் மறித்தார். "சீட்டுக் காச எடுத்து என்ன செய்யிற எண்டு எழுதினீங்க மிஸ், சரி. மகளுக்கு கம்பஸ் கிடைச்சிரிக்கு. எடுத்த காசு சூட்கேசுக்கும் சட்டைக்குமே காணாம இரிக்கு. அதையும் ஒருக்கா எழுதுங்க" என்றார். அவருடைய கையில் ஒரு கொப்பித் தாள் இருந்தது. இரண்டு பக்கமும் நிரம்ப எழுதிய சாமான் பட்டியல். எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு பொருட்கள்.

றைஸ் குக்கர், கேத்தில், அயன், ஆறு கோப்பைகள் கொண்ட தேநீர் செற், மெத்தை, இரண்டு தலையணை, நான்கு பெட்சீற், சுவர் மணிக்கூடு, கண்ணாடி பதித்த சிறிய அலுமாரி... வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. இது படிக்கப் போகும் பிள்ளையின் பட்டியல் அல்ல. கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகும் பிள்ளைக்கு நாங்கள் போட்டுக் கொடுக்கும் பட்டியல். அதே அக்காவின் மூத்த மகன் சில வருடங்களுக்கு முன்னர் மொறட்டுவைக்குப் போனபோது ஒரு தோள்பையும் மூன்று காற்சட்டையும் பாயுமாகத்தான் பஸ் ஏறினான். அதை ஞாபகப்படுத்தினேன். "அவன் ஆம்புளதானே, சமாளிப்பான்" என்றார். மகளை வெளியூருக்கு அனுப்புவது என்றாலே எங்கள் மனம் சீதனக் கணக்கில் இறங்கிவிடுகிறது போலும்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம்தான். ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம், என்னுடைய சொந்தக் கதை.

நான் 2010 இல் பேராதனைக்குப் போனேன். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். கம்பஸ் கிடைத்த செய்தி வந்த கிழமையே அம்மா தன்னுடைய இரண்டு பவுண் சங்கிலியை 45,000 ரூபாவுக்கு அடைவு வைத்தார். எங்கள் தெருவில் கம்பஸுக்குப் போகும் முதல் பெண் நான். "ஆரும் குறைவாப் பாக்கக் கூடாது" என்பதுதான் அம்மாவின் ஒரே பேச்சு. பெரிய சில்லுச் சூட்கேஸ் ஒன்று, கண்டி குளிர் என்று தடித்த கம்பளி, எட்டுச் சுடிதார், பிளாஸ்க், கேத்தில், இரண்டு சோடிச் சப்பாத்து, கைப்பை. கிட்டத்தட்ட 38,000 ரூபா இப்படியே போனது. விடியப்புறம் மட்டக்களப்பிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் பயணம். பதினெட்டு வளைவில் பஸ் ஏறும்போது அம்மா சூட்கேஸைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார், வாந்தி எடுத்துக்கொண்டிருந்த என்னையல்ல. அவ்வளவு பாதுகாத்த சூட்கேஸின் சில்லு கண்டி பஸ் நிலையத்திலேயே கழன்றுபோனது. பிறகு அதை மேட்டில் இருந்த விடுதிக்கு இருவரும் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஒடுங்கிய அலுமாரி. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே போகவில்லை. கதவோரம் நின்றது. படிப்பு முடியும் வரை நாங்கள் அதன் மேல் பெட்சீற்றை விரித்துத்தான் உடுப்பு அயன் பண்ணினோம். கேத்திலை முதல் சோதனையிலேயே வாடன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருடக் கடைசியில்தான் திரும்பக் கிடைத்தது. கம்பளி மார்கழி, தை மாதங்களில் சில இரவுகள் உதவியது. மற்ற நாட்களுக்கு ஒரு சாதாரண போர்வை போதும். பேராதனையில் எனக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு நல்ல குடை. அது பட்டியலில் இருக்கவில்லை.

மூன்றாவது மாதம் கையில் காசில்லை. மகாபொலவுக்குப் பெயர் வந்திருந்தது, பணம் இன்னும் வரத் தொடங்கவில்லை. மத்தியானத்தில் ஒரு பணிசும் பிளேன் ரீயும். அறைத் தோழிகள் கேட்டால் "வயிறு சரியில்ல" என்பேன். வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் சங்கிலி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அலுமாரி நிறைய சுடிதார் தொங்க, பசியோடு விரிவுரையில் இருந்தேன். அந்த 45,000 இல் பாதியை என் பெயரில் வங்கியில் போட்டிருந்தால், மாதம் 2,500 ரூபா வீதம் ஒன்பது மாதத்துக்கு வந்திருக்கும். அந்தக் காலத்தில் 2,500 ரூபா ஒரு மாணவிக்கு நல்ல உதவி. இந்தக் கணக்கை நான் பட்டம் பெற்ற பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

பட்டமளிப்பு விழாப் படத்தில் அம்மாவின் கழுத்தில் சங்கிலி மினுங்குகிறது. மீட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கையில் தொட்டுப் பார்த்தபோதுதான் கவரிங் என்று தெரிந்தது. "அது ஏலத்தில போய் ரெண்டு வருசமாகுது புள்ள, படிக்கிற நேரத்தில உனக்கு எதுக்கு எண்டு சொல்லல்ல" என்றார்.

சகோதரிகளே, எங்கள் நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நூலகம் இருக்கிறது, மாணவர் சுகாதார நிலையம் இருக்கிறது, விடுதிக் கட்டணமும் வெளியில் அறை எடுப்பதை விட மிகக் குறைவு. இதெல்லாம் இருப்பதால் செலவு முழுவதும் முதல் நாளோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் பல தாய்மாருக்கு இருக்கிறது. அப்படியல்ல. சாப்பாடு, போட்டோ கொப்பி, பஸ் காசு, சவர்க்காரம், போனுக்கு டேட்டா, மாதவிடாய்த் துவாய் என்று செலவு மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும், மூன்று நான்கு வருடங்களுக்கு. வாசலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் உள்ளே போன பிள்ளைக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது.

எனக்காவது பணிசோடு போயிற்று. 2024 இல் நான் வேலை செய்யும் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். இடியப்பம் அவித்து விற்கும் ஒரு தாய். மகளுக்குக் கலைப்பீடத்துக்கு அனுமதி கிடைத்தது. தாய் ஒரு கடன் கொம்பனியில் இரண்டு இலட்சம் ரூபா எடுத்தார், கிழமைக்கு 2,700 ரூபா கட்ட வேண்டும், இரண்டு வருடத்துக்கு. அதில் லப்டொப் 145,000. மிச்சம் உடுப்பு, சூட்கேஸ், சப்பாத்து, கிராமத்துச் சந்தியில் மகளின் படத்தோடு ஒரு பனர், சொந்தக்காரருக்கு ஒரு நேரச் சாப்பாடு. நாலாம் மாதம் தவணை இழுபட்டது. மகளுக்கு அனுப்பும் காசு நின்றது. அப்போது மகாபொல மாதம் 5,000 ரூபா. தாய் கட்ட வேண்டிய கடன் மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை திரும்பிப் போகவில்லை. கேட்டால் "உடம்பு சரியில்ல".

ஐந்து கிழமை அப்படியே வீட்டில் இருந்தாள். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்பது அவளுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. நான் போனபோது லப்டொப் துணியால் மூடி சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. முதல் அரையாண்டு முழுவதும் ஒப்படைகளைக் கையால்தான் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாள். பிறகு நாங்கள் கூடிப் பேசி அதை விற்றோம். 145,000 கொடுத்து வாங்கிய சாமான் ஐந்து மாதத்தில் 90,000 க்குத்தான் போனது. அதைக் கடனில் கட்டி, தவணையைக் குறைத்து, பிள்ளையை மாணவர் ஆலோசகராக இருந்த விரிவுரையாளரிடம் அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னோம். பரீட்சை எழுதினாள். இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் மயிரிழையில் தப்பிய கதை அது. கடன் கட்ட முடியாதபோது வீட்டில் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு என்பதை நான் என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆகவே லப்டொப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். கணினி, பொறியியல் போன்ற துறைகளுக்குப் போகிறவர்களுக்கு அது தேவைதான். அப்படியிருந்தாலும் போக முன் வாங்க வேண்டாம். எந்த அளவு சக்தியுள்ள கணினி வேண்டும் என்பது அங்கே போய் இரண்டு கிழமையில் தெரிந்துவிடும். தெரியாமல் மலிவானதை வாங்கி, பிறகு அது பாடத்துக்குப் போதாது என்று இன்னொன்று தேடிய பிள்ளைகள் உண்டு. படிக்கும் ஊரிலேயே வாங்கினால் பழுது பார்க்கவும் வசதி. மற்றப் பாடங்களுக்குப் போகிறவர்கள் முதல் அரையாண்டைக் கணினி அறையையும் நூலகத்தையும் வைத்துச் சமாளிக்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபின் இந்தச் சாமான்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். தவணைக்குத் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால், மொத்தமாக எவ்வளவு கட்டி முடிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கிழமைக் கணக்கில் சொல்லும்போது எல்லாம் சின்னத் தொகையாகத்தான் தெரியும். புதுப் போனும் வேண்டாம். பாடசாலைகள் மூடிக் கிடந்த 2020, 2021 காலத்தில் எவ்வளவோ பிள்ளைகள் பழைய போனில்தான் படித்தார்கள்.

மின்சாரச் சாமான் ஒன்றுமே வேண்டாம். பெரும்பாலான விடுதிகளில் றைஸ் குக்கர், கேத்தில், ஹீற்றர் எல்லாம் தடை. பிடிபட்டால் எடுத்துவிடுவார்கள், தண்டமும் வரலாம். மெத்தை, தலையணை வாங்க முன் விடுதியில் எது தருகிறார்கள் என்று கேட்டறியுங்கள், இடத்துக்கிடம் வித்தியாசம். இன்னொன்றும் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் முதலாம் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் விடுதி நிச்சயம். நடுவில் வெளியே அறை எடுத்து இருக்க வேண்டி வரும். சேர்த்த சாமான் அத்தனையையும் ஒவ்வொரு முறையும் திரீவீலரில் ஏற்றி இறக்க வேண்டும். அதற்கும் காசு.

உடுப்பு விடயத்தில் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். முதலாம் வருடப் பிள்ளைகள் இன்ன மாதிரித்தான் உடுக்க வேண்டும், இன்ன செருப்புத்தான் போட வேண்டும் என்று மூத்த மாணவர்கள் கட்டளை போடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. இதனால் சில தாய்மார் இரண்டு தரம் செலவழிக்கிறார்கள். முதலில் பத்துச் சுடிதார், பிறகு பிள்ளை அழுதுகொண்டு போன் எடுத்ததும் அவசரத்தில் நீளப் பாவாடையும் ரப்பர் செருப்பும். பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். உடுப்புக்குச் சட்டம் போடுவதும் பெரும்பாலும் அதன் தொடக்கம்தான். மகள் திடீரென்று "அம்மா, ரெண்டு பாவாட வேணும்" என்றால், காசைப் போட முன் ஆர் சொன்னது என்று அன்பாகக் கேளுங்கள். காசு அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். விரிவுரையாளரிடம் சொல்லலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறைப்பாடு செய்யலாம். உடுப்பைப் பொறுத்தவரை வீட்டில் இருக்கும் நல்லதில் நான்கு ஐந்து போதும். வகுப்புத் தோழிகள் என்ன உடுக்கிறார்கள் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, வேண்டுமானால் ஒன்று வாங்கலாம்.

ஆனால் ஒரு புதுச் சட்டைக்கு மட்டும் நான் எப்போதும் சம்மதம். முதல் நாள் உடுத்திக்கொண்டு போக ஒன்று. அது தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். இருந்தாலும் என் அம்மா எடுத்துத் தந்த அந்த நீலச் சுடிதார் இன்னும் என்னிடம் இருக்கிறது. "ஆரும் குறைவாப் பாக்கக் கூடாது" என்ற அந்த மனதை நான் கேலி செய்ய மாட்டேன். படிக்க வழியில்லாமல் இருந்த ஒரு பெண், தன் மகளுக்காக விலை கொடுத்து வாங்க நினைத்தது சாமானை அல்ல, மரியாதையை. எட்டு வாங்கியதுதான் பிழை.

புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முன்கூட்டி ஒன்றும் வாங்க வேண்டாம். நூலகம் இருக்கிறது, மூத்த அக்காமாரின் குறிப்புகள் கிடைக்கும். தின்பண்டம் என்றால் தாய்மாரோடு வாதாட எனக்கே பயம். இரண்டு பேணி நிறையப் பயற்றம் பணியாரமும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்து, அறை முழுக்க எறும்பு வந்து, அறைத் தோழிகளோடு முதல் சண்டை அதிலேயே தொடங்கிய கதை எனக்குத் தெரியும். ஒரு சின்னப் போத்தல் மாசிச்சம்பல் கொடுங்கள். அதை எல்லோரும் சேர்ந்து மூன்று நாளில் முடித்துவிடுவார்கள்.

சொந்தக்காரர் பரிசு கொண்டுவருவார்கள். எனக்கு மூன்று கைப்பை வந்தது, மூன்றும் கறுப்பு. நெருங்கியவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டால் வெட்கப்படாமல், "அவள்ற கணக்கில போட்டு விடுங்க" என்று சொல்லலாம். சாமத்திய வீட்டில் மொய்யை வாங்கிக் கொப்பியில் எழுதும் எங்களுக்கு இதில் என்ன வெட்கம்?

உண்மையில் தேவைப்படும் சாமான் ஒரு சாதாரணப் பயணப் பைக்குள் அடங்கும். நுளம்பு வலை, குடை, நல்ல ஆமைப்பூட்டு ஒன்று, துவாய், போர்வை, பெட்சீற் இரண்டு, ஒரு கோப்பை, ஒரு பீங்கான், தண்ணீர்ப் போத்தல். வாளி, கரண்டி எல்லாம் போன இடத்தில் வாங்கலாம். இவற்றோடு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம் ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகள் நான்கைந்து. கிராம உத்தியோகத்தரிடம் வருமான உறுதிப் பத்திரம் எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். மகாபொலவுக்கும் பர்சரிக்கும் அதுதான் முக்கியம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 இலிருந்து 7,500 ஆகவும் பர்சரியை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டுவதாக அறிவித்தார்கள். நல்ல விடயம். ஆனால் பதிவு செய்த அன்றே அந்தப் பணம் வராது, பல மாதம் செல்லும். அந்த இடைவெளிக்கு ஆறு மாதச் செலவையாவது மகளின் கணக்கில் போட்டுவிட்டு, மிஞ்சியதில் சாமான் வாங்குங்கள். நாங்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர்.

ஆறு மாதச் செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிய நாளிலிருந்து பல்கலைக்கழக வாசல் மிதிக்கும் நாள் வரை எங்கள் பிள்ளைகள் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருக்கிறார்கள். அந்த இழுபறியைத் திட்டாத வீடு இல்லை. ஆனால் சென்ற இதழில் சொன்ன சீட்டை அந்த வருடத்தில் தொடங்கினால், பிள்ளை போகும் மாதத்துக்குக் கழிவு எடுக்கலாம். பிள்ளையும் சிறு வகுப்புகளுக்குப் படிப்பித்து ஏதாவது சேர்க்கலாம். நகையை அடைவு வைத்து எடுக்கும் காசு வேறு, இந்தக் காசு வேறு.

பட்டியல் அக்காவின் வீட்டுக்குப் பிறகு ஒரு பின்னேரம் போனேன். எங்கள் பக்கத்துக் கிராமத்திலிருந்து அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளை ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொன்னால் "மிஸ் சொல்லுவாங்க" என்று விட்டுவிடுவார்கள், அவள் சொன்னால் கேட்பார்கள். பேனையால் ஒவ்வொன்றாக வெட்டினோம். தேநீர் செற்றுக்கு அக்கா அரை மணித்தியாலம் வாதாடினார். "ஆரும் அறைக்கு வந்தா எதில குடுக்கிற?" இரண்டாம் வருடப் பிள்ளை, "மாமி, வாறவளும் தன்ட கோப்பையோடதான் வருவாள்" என்றாள். அறுபத்திரண்டு பத்தொன்பதானது.

அதுவரை மகள் ஒரு மூலையில் பேசாமல் இருந்தாள். அவளிடம் கேட்காமலே எல்லோரும் அவளுக்காக வெட்டிக்கொண்டும் சேர்த்துக்கொண்டும் இருந்திருக்கிறோம். "உனக்கு ஏதும் வேணுமா?" என்று நான் கேட்டேன். தாயைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எனக்குப் பின்னுக்கு இருந்தா போர்ட்டில எழுதினது தெரியிறல்ல மிஸ். கண்ணாடி போடணும் போல" என்றாள். பரீட்சை எடுக்கும் வருடத்திலிருந்தே அப்படியாம். வகுப்பில் முன் வாங்கில் இருந்து சமாளித்திருக்கிறாள்.

அக்கா தாளை வாங்கி, இருபதாவதாகக் கண்ணாடி என்று தன் கையாலேயே எழுதினார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். விடிய ஆறு மணிக்குப் போய் நம்பர் எடுக்க வேண்டும்.